ஆற்றை எட்டிப் பார்க்காத ஊர்

ஏப்ரல் பிறந்தால் ஹார்னெட் பிரிட்ஜ் ஊரில் ஆண்களுக்குத் தலையில் முடி நிற்காது. புதிதாக வருகிறவர்கள் ஊரெல்லாம் பேன் பரவிவிட்டது என்று நினைத்து, பெட்ரோல்கூடப் போடாமல் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். பேனும் இல்லை, வேண்டுதலும் இல்லை. ஊருக்கு ட்ரௌட் மீன்மேல் இருந்த பைத்தியமும் வெண்டல் டெர்வில்லிகர் என்ற முடிவெட்டுகிறவனின் குசும்பும் சேர்ந்து செய்த வேலை அது.

ஊருக்குப் பின்னால் ஓடுகிற ஹார்னெட் கில் ஒன்றும் பெரிய ஆறு இல்லை. ஆனால் பனி உருகும் மாதங்களில் அதன் குணத்தை நம்ப முடியாது. காலையில் பச்சைப்பிள்ளை மாதிரி கிடக்கும். மதியம் மலையில் வெயில் ஏறி மிச்சப் பனி கரைந்து இறங்கினால் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். தண்ணீர் ஜில்லிட்டுக் கிடக்கும்வரை ட்ரௌட் அடியிலேயே படுத்திருக்கும், மூக்கின்மேல் இரையை வைத்தாலும் திரும்பாது. சூடு பாரன்ஹீட் ஐம்பதைத் தொட வேண்டும், கலங்கல் தெளிய வேண்டும், மட்டம் இறங்க வேண்டும். மூன்றும் சேர்ந்த நாளில் குளிர்காலம் முழுக்கக் கற்களில் ஒட்டிக்கிடந்த ஹென்ட்ரிக்சன் பூச்சிகள் சிறகு முளைத்து மேலே வரும். அவற்றைத் தின்ன மீன் மேலே வரும். மீனுக்காக ஊர் கீழே இறங்கும்.

முன்பெல்லாம் ஆளாளுக்குப் பாலத்தில் நின்று தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். ரகசியமாகக் கிளம்பிப் போனார்கள். போன இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கைகலப்பில் ஒருவருக்குப் பல்லும் இன்னொருவருக்கு நிச்சயமான கல்யாணமும் போயிற்று. அதன்பிறகு ஊர் ஆண்கள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பனி உருக ஆரம்பித்ததிலிருந்து எந்த ஆம்பிளையும் ஆற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரே ஒருவன் பார்ப்பான், நாள் வந்ததும் சொல்வான். வீட்டுக் கொல்லை ஆற்றங்கரைவரை இறங்குவதால் அந்தப் பதவி வெண்டலுக்குப் போயிற்று. அன்றிலிருந்து பாலத்தைக் கடக்கிற ஆண்களெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் வருடா வருடம் இடிபடுகிறது.

பதவி கையில் வந்ததும் வெண்டல் தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தான். ஆற்றுச் சேதி அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, கத்தரி ஓடும்போதுதான் சொல்லப்படும். பொறுமையில்லாதவன் வாரத்தில் மூன்று தடவை வந்து உட்கார்ந்தான். வெட்ட என்ன இருக்கிறது என்று வெண்டல் கேட்டதேயில்லை. முகச்சவரம் மட்டும் செய்துகொண்டவனுக்குப் பாதிச் சேதி. சூடு தெரியும், நிறம் தெரியாது. கதை கடை முழுக்கக் கேட்கும், எண்ணும் நாளும் மட்டும் நாற்காலிக்காரன் காதோடு போகும்.

இதில் அடிபட்டுப் போனவர் லெஸ்டர் க்விக். பால்மாடு வைத்திருக்கிற எழுபது வயதுக்காரர், மண்டை முட்டை மாதிரி வழவழவென்றிருக்கும். வெட்ட முடியில்லை, தாடியும் வைத்துக்கொண்டிருந்ததால் சவரத்துக்கும் வழியில்லை. ஆற்றின் நல்ல மடு அவருடைய மேய்ச்சல் நிலத்தில்தான் இருந்தது. ஆனால் தன் நிலத்தில் ஊர் வண்டிகள் வந்து நிற்பதைப் பார்த்துத்தான் அவருக்கே நாள் தெரியவரும். தூண்டிலை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் நல்ல இடத்திலெல்லாம் ஆள் நின்றிருக்கும். எட்டிப் பார்த்திருக்கலாமே என்றால், மாட்டார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். பால் கறக்கும்போதுகூட ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அவ்வளவு நேர்மையான மனிதரோடு எப்படி வாழ்வது என்று அவருடைய மாடுகளுக்கே அலுத்துப் போயிருந்தது.

இனி லியோனா. வெண்டலின் மனைவி, ஐம்பதைத் தாண்டியவள், குட்டையான உருவம், சட்டென்று சூடாகிற காதுகள். சேவல் இறகையும் மிருக மயிரையும் கொக்கியில் கட்டி, பார்ப்பதற்கு அசல் பூச்சி மாதிரியே செய்கிற பொய்ப் பூச்சிகளைக் கடைக்குக் கட்டித் தருகிறவள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஆற்றைப் பார்க்கிறவள் அவள்தான்.

ஒரு குளிர்காலத்தில் வெண்டல் பனிக்கட்டியில் சறுக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். அந்த வசந்தத்தில் அவனுக்குப் பதில் அவள் ஒருநாள் இறங்கினாள். மறுநாளும் இறங்கினாள். முழங்கால் ஓரளவு சரியான பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை, அவளும் எழுப்பவில்லை. இரவு உடைக்கு மேலேயே அவனுடைய ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீரில் விட்டு, அது சூட்டை வாங்குகிறவரை கற்களைப் புரட்டிப் பார்ப்பாள். கல்லின் அடியில் நெளிகிற பூச்சியின் முதுகில் சிறகு உறை கறுத்திருந்தால் நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். முழங்கால் ஆழத்தில் கூழாங்கல்லின் நிறம் தெரிகிறதா, நேற்று நனைந்த கல் இன்று காய்ந்திருக்கிறதா, தகைவிலான் குருவிகள் தண்ணீருக்கு எவ்வளவு கிட்டே பறக்கின்றன என்று எல்லாவற்றையும் பார்த்து வந்து அவனுக்குப் பான்கேக் வைக்கும்போது சொல்வாள். அவன் அதை நாற்காலியில் சரக்காக்கிவிடுவான். ஒப்பந்தத்தை மீறினாள் என்றும் சொல்ல முடியாது. ஆம்பிளைகள் பார்க்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தார்கள். பெண்களைச் சேர்க்க அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

பெயர் அவனுக்குப் போவதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தம் தொப்பியில் வந்தது.

வெண்டலின் கடைச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் தொப்பிகள். பொய்ப் பூச்சியில் ஒரு முழத்துக்குமேல் நீளமான ட்ரௌட் பிடித்தவன் தன் தொப்பியை அங்கே மாட்டலாம். தொப்பி மாட்டிய ஒருவன் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போன வசந்தத்தில் லியோனா லெஸ்டரின் மடுவில் அப்படியொரு மீனைப் பிடித்துவிட்டாள். கரையில் லெஸ்டரின் பழுப்புப் பசு ஒன்றைத் தவிர யாருமில்லை. மீனைக் கூடையில் போட்டு, மூச்சிரைக்கக் கடை வாசலில் வந்து நின்று சொன்னாள்.

அன்று பார்த்து லெஸ்டர், பேச்சாவது கேட்கலாம் என்று கடையில் உட்கார்ந்திருந்தார்.

"சாட்சி யாரு?" என்றார்.

"உங்க பசுதான் நின்னுது."

"அப்ப பசு வந்து சொல்லட்டும், ஒத்துக்கறேன். ஆனா அதோட தொப்பியைச் சுவத்துல காணோமே?"

கடை அதிர்ந்தது. அவள் அதைத் தாங்கியிருப்பாள். லெஸ்டரின் நாக்கு எப்போதுமே அப்படித்தான். ஆனால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது வெண்டல். சிரித்த வேகத்தில் கத்தரி நழுவி, தபால்காரன் க்ளைடின் காதில் கீறிவிட்டது. அவள் வீட்டுக்குள் போய் அந்த மீனை வறுத்தாள். அவனுக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை. தன் தொப்பி அந்தச் சுவரில் ஏறாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அதை ஏற்றும்போது வெண்டல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு வருடம் மனசுக்குள் ஊறப்போட்டாள். ஊரோடு சேர்ந்து போனால் அவளுக்குக் காபி ஊற்றுகிற வேலைதான் கிடைக்கும். தனியாகப் போனால் சாட்சிக்கு மறுபடி பசுதான். ஆகவே நல்ல நாளில் ஊர் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும், தொப்பிக்காரன் ஒருவன் மட்டும் அவளோடு இருக்க வேண்டும். வெண்டலின் சட்டம் வருவதற்கு முன்பே மாட்டிய லெஸ்டரின் பழைய தொப்பி ஒன்று சுவரில் இருந்தது.

இந்த வசந்தத்தில் தண்ணீர் தெளிய ஆரம்பித்ததும் லியோனா பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

"தண்ணி எப்படி?" என்றான் வெண்டல், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"நாப்பத்தி மூணு. பால் காபி மாதிரி ஓடுது."

"மட்டம்?"

"வேலிக்கல்லு முங்கிக் கெடக்கு."

"மலையில பனி இன்னும் கெடக்குது போல," என்று மேப்பிள் பாகைத் தாராளமாக ஊற்றிக்கொண்டான்.

உண்மையில் நாற்பத்தேழு. தண்ணீர் வடிகட்டிய தேநீர் மாதிரி இருந்தது. வேலிக்கல்லின் மேல் ஒரு தவளை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முதல் பொய்யில் அவளுக்குக் காதெல்லாம் சூடானது. அடுத்த பொய் ருசித்தது. அதற்கப்புறம் கோபம் வந்தது. சமையலறைக் கதவைத் திறந்து நாலடி வைத்தால் ஆறு தெரியும். ஊரிலேயே அதைப் பார்க்க உரிமை உள்ள ஒரே ஆம்பிளை. ஒரு தடவையாவது நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்க்கக் கூடாதா? அவள் சொல்கிற எதையும் அவன் அப்படியே விழுங்கினான், பான்கேக்கோடு சேர்த்து.

விழுங்கியதோடு நிற்கவில்லை, கடையில் அதற்குக் கையும் காலும் வைத்தான். கடைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவுதான், இந்தப் பக்கம் அவளுக்கு எல்லாம் கேட்டது.

"கலங்கல்னா கலங்கல், அப்படி ஒரு கலங்கல். நேத்து ஒரு கோழிக்கூடு மிதந்து போச்சு, க்ளைட்."

"கோழி?"

"உள்ளதான் உக்காந்திருந்துது. என்னைப் பாத்துது."

லியோனா மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் ஒரு துண்டு உப்புப் பன்றிக்கறியைத் துணியில் சுற்றிக்கொண்டு லெஸ்டரின் தொழுவத்துக்குப் போனாள். அவர் வழக்கம்போல ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கறந்துகொண்டிருந்தார்.

"கறி வாசனை வருது. யார் செத்தா?" என்றார், திரும்பாமலே.

"யாரும் சாகலை. உங்களுக்கு ஒரு நாள் கொண்டு வந்திருக்கேன், லெஸ்டர். ஊர்ல யாருக்கும் தெரியாத நாள்."

"வெண்டல் அனுப்பினானா? மொட்டையன் பாவம்னு?"

"வெண்டலுக்கே தெரியாது. அவனுக்கு எதுவுமே தெரியாது. ஆத்தைப் பாக்கறது நான்."

கறக்கிற கை நின்றது. பசு திரும்பிப் பார்த்தது.

"எப்பலேர்ந்து?"

"அவன் முட்டி போனதுலேர்ந்து."

"அப்ப அந்த நாற்காலியில... இத்தனை பேரும் தலையைக் குடுத்துக்கிட்டு... அந்தக் கோழிக்கூடு?"

"கோழி அவனோடது. கலங்கல் என்னோடது."

லெஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். பல வருடத்துச் சிரிப்பு. தொழுவத்துக் கூரையிலிருந்து புறாக்கள் எழுந்து பறந்தன, பசு மிரண்டு பால் வாளிக்குள் காலை விட்டது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"நான் ஒண்ணு பிடிக்கற வரைக்கும் உங்க தூண்டில் தண்ணியைத் தொடக் கூடாது. பிடிச்சா, பாத்தேன்னு கடையில சொல்லணும்."

"நான் கண்ணால பாத்ததை மட்டும்தான் சொல்லுவேன், லியோனா. நீ கோட்டை விட்டா, கோட்டை விட்டாள்னு சொல்லுவேன். தெருத்தெருவா சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"நீ அழுதாலும் சொல்லுவேன்."

"நீங்க முதல்ல வாளியிலேர்ந்து மாட்டுக் காலை எடுங்க."

நாள் சனிக்கிழமையில் விழுந்தது. இரவெல்லாம் தெற்குக் காற்று அடித்திருந்தது. ஆனால் மேலே பனி தீர்ந்துவிட்டதால் மட்டம் ஏறவில்லை. காலையிலேயே வெப்பமானி நாற்பத்தொன்பது காட்டியது. புரட்டிய கல்லில் பூச்சிகள் முதுகு கறுத்து, இப்பவோ அப்பவோ என்று வெடிக்கக் காத்திருந்தன. மதியத்துக்குமேல் ஐம்பதைத் தாண்டிவிடும்.

"தண்ணி?" என்றான் வெண்டல்.

"மோசம். இன்னும் ஒரு வாரம் ஆகும்."

"அப்படியா," என்று இன்னொரு முட்டை கேட்டான்.

சனிக்கிழமைக் கூட்டம் கடையில் சேர்ந்ததும் அவள் ரப்பர் கால்சட்டையை மாட்டி, மழைத்தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கொல்லை வழியே இறங்கினாள். தூண்டில் கழி, வலை, பூச்சி டப்பா என்று ஒன்றையும் மறக்கவில்லை. அவசரத்தில் மறந்தது ஒன்றே ஒன்று. சமையலறையின் கொல்லைக் கதவைச் சாத்தவில்லை.

காலையில் அவள் தொழுவத்தில் வந்து சொல்லியிருந்ததால் மடுவில் லெஸ்டர் முன்பே வந்து நின்றிருந்தார், தூண்டில் கழியை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. திருடப் போகிற கையை அடக்கி வைத்திருப்பவர் போலிருந்தார். அவள் வந்த பிறகுதான் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். "தெளிஞ்சு கெடக்கே," என்றார் மெதுவாக. "பாவி, எப்படித் தெளிஞ்சு கெடக்கு பாரு."

மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்து சற்றைக்கெல்லாம் முதல் பூச்சி மேலே வந்தது. சிறகை நிமிர்த்திக்கொண்டு, சின்னப் படகு மாதிரி நகர்ந்து போயிற்று. அடுத்து இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. மடுவெங்கும் மீன்கள் சின்னச் சின்ன வட்டங்களைப் போட ஆரம்பித்தன. லியோனா தூண்டிலை வீசவில்லை.

"என்ன யோசனை? வீசு!"

"இதெல்லாம் பொடிசு."

"பொடிசும் மீனுதான்! எனக்கு எழுபது வயசு ஆச்சு, லியோனா. நான் எவ்வளவு நேரம் உயிரோட இருக்க முடியும்?"

அவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் ஒரு மூக்கு எழுந்தது. சத்தமில்லாமல் ஒரு பூச்சி காணாமல் போயிற்று. சின்ன மீன்கள் துள்ளி விளம்பரம் செய்யும். பெரியது உதட்டை மட்டும் நனைக்கும். அவள் வீசினாள். பொய்ப் பூச்சி சரியாக வேரோரம் இறங்கி மிதந்து போயிற்று. மூக்கு எழுந்து, அதைப் பார்த்து, கௌரவமாகத் திரும்பிக்கொண்டது.

"நெறம் சரியில்லை," என்று நூலை இழுத்து வேறொன்றைக் கட்டினாள்.

"அதென்ன இளஞ்சிவப்பா இருக்கு?"

"பெண் நரியோட அடிவயித்து மயிரு. மூத்திரம் பட்டுப் பட்டுத்தான் அந்த நெறம் வரும்."

"மீனுக்கு அது தெரியுமா?"

"தெரிஞ்சா கடிக்குமா?"

கடித்தது. கழி வளைந்து, நூல் உருளை கிரீச்சென்று கத்தி, நூல் ஆற்றின் மேல்பக்கமாக ஓடியது. லெஸ்டர் இருந்த இடத்திலேயே குதித்தார். அந்த நேரத்தில்தான் மேட்டிலிருந்து மாடுகள் மிரண்டு ஓடிவருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கடையில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. க்ளைடின் தலை பாதி வெட்டியிருந்ததாம். வெண்டல் கோழிக்கூட்டுக் கதையில் இன்னொரு கோழியைச் சேர்த்துக்கொண்டிருந்தானாம். அப்போது சமையலறைப் பக்கத்திலிருந்து மெல்லப் பறந்து வந்த ஒரு பூச்சி, க்ளைடின் மார்பில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் உட்கார்ந்து சிறகை நிமிர்த்தியது. கடை மொத்தமும் அதைப் பார்த்தது. இன்னொன்று வந்து கண்ணாடியில் உட்கார்ந்தது.

"வெண்டல், இது என்ன?" என்று கேட்டானாம் க்ளைட்.

"கொசு," என்றானாம் வெண்டல்.

மேட்டில் முதலில் தெரிந்தது க்ளைடின் தலைதான். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் காடு. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பின்னால் பறந்தது. அவன் பின்னே ஊர் ஓடிவந்தது. தூண்டில் இருந்தவன் தூண்டிலோடு, இல்லாதவன் வெறுங்கையோடு. எல்லோருக்கும் பின்னால் வெண்டல், ஒரு கையில் சீப்பும் மறுகையில் தடியுமாக நொண்டிக்கொண்டு வந்தான்.

மடுவில் வளைந்த கழியைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். "நூலை விடு!" "இழு!" "கழியைத் தூக்கு!" "வேர்ப்பக்கம் விடாதே!"

"லியோனா, எடப்பக்கம்! எடப்பக்கம்!" என்று வெண்டல் எல்லோருக்கும் மேலாகக் கத்தினான்.

"வாயை மூடு, வெண்டல்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் மூடிக்கொண்டான். மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். மீன் இரண்டு தடவை வேருக்குள் ஓடப் பார்த்தது. இரண்டு தடவையும் அவள் ஓரடி கீழே நகர்ந்து, கழியைச் சாய்த்து, அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மீன் பக்கவாட்டில் சாய்ந்து வந்ததும் வலையை அடியில் கொடுத்துத் தூக்கினாள். வெண்ணெய் நிறத்து வயிறு, சிவப்புப் புள்ளிகள், கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

அவளே மீனைப் புல்லில் வைத்து, முழங்கையை அதன் வாலோடு சேர்த்துக் கையைப் பக்கத்தில் நீட்டினாள். மூக்கு அவள் நடுவிரலைத் தாண்டி நன்றாக வெளியே நின்றது.

"இது கணக்கில்லை," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "அவ கை குட்டை. அவ முழத்துக்கு எந்த மீனும் பெருசாத்தான் தெரியும்."

"ஆமா, குழந்தை கையை வச்சு அளந்தா நெத்திலிகூடத் தொப்பி மாட்டலாம்!"

லெஸ்டர் தூண்டில் கழியைக் கீழே போட்டார். மண்டியிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, ஊரிலேயே நீளமான அந்தக் கறவைக்காரக் கையை மீனின் பக்கத்தில் வைத்தார். அவர் வேண்டுமென்றே மெதுவாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். லியோனாவுக்கு அவரை ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

"என் கைக்கே மிச்சம்," என்றார். "கட்டினது அவ, வீசினது அவ, எடுத்தது அவ. நான் தொடலை. நான் பாத்தேன்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, மேட்டில் நின்ற பழுப்புப் பசுவைக் காட்டினார். "சந்தேகம்னா அதையும் கேட்டுக்கோ. அதுக்கு இது ரெண்டாவது தடவை."

அவள் மீனைத் தண்ணீரில் பிடித்து, அது மூச்சு வாங்கிக்கொண்டதும் விட்டுவிட்டாள். அதற்கு அப்புறம்தான் க்ளைடுக்குத் தன் தலை ஞாபகம் வந்தது.

"வெண்டல், கடையில என்ன சொன்னே? இன்னும் ஒரு வாரம்னே? கலங்கல்னே? ரெண்டு கோழின்னே?"

எல்லோரும் வெண்டலைப் பார்த்தார்கள். எல்லோருடைய கையும் தானாகத் தலைக்குப் போயிற்று. லியோனா ஒரு வருடமாகக் காத்திருந்த இடம் இதுதான். அவன் அசடு வழிய நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே நினைத்திருக்கிறாள். இப்போது பார்த்தபோது அவன் அசடு வழியவில்லை. அவளையும் மடுவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று அப்போதுதான் கணக்குப் போடுகிறவன் மாதிரி இருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான். "நான் ஆத்துப் பக்கமே போறதில்லை. முட்டி போனதுலேர்ந்து அவதான் பாக்கறா. நீங்க தொப்பி மாட்டினீங்களே, உங்க நாளெல்லாம் அவ பாத்துச் சொன்ன நாள்."

"அப்ப கோழிக்கூடு?" என்றான் க்ளைட், நம்பிக்கையை விடாமல்.

"கோழிக்கூடு நான்," என்றான் வெண்டல்.

லெஸ்டர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அது தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்ததும் ஆளாளுக்கு ஒரு பாறையைப் பிடித்து மீன் பிடிக்க நின்றார்கள். பூச்சி இருக்கும்போது சண்டைக்கு நேரம் ஏது? நல்ல இடத்தில் லெஸ்டர் நின்றார்.

அன்று சாயங்காலம் கடைச் சுவரில் வெண்டலே ஆணி அடித்தான். லியோனா ஈரம் சொட்டுகிற மழைத்தொப்பியை அதில் மாட்டினாள். வெண்டல் அது நேராக இருக்கிறதா என்று பின்னால் தள்ளி நின்று பார்த்து, திரும்பப் போய்க் கொஞ்சம் சரி செய்தான். "பெரிய மீனு, லியோனா," என்றான். "போன வருஷம் நான் சிரிச்சிருக்கக் கூடாது." அவள் காது சூடாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

மறுநாள் காலையில் அவன் வழக்கம்போலக் கேட்டான்.

"தண்ணி?"

"ஐம்பத்தி ரெண்டு. தெளிவு. மட்டம் எறங்கியிருக்கு."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, தடியையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு கொல்லையில் இறங்கினான். அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். ஒரு கையால் வேலியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, முழங்கை நனைய வெப்பமானியைத் தண்ணீரில் விட்டான். ஒரு கல்லைப் புரட்டினான். அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

திரும்பி வரும்போது செருப்பு சளக் சளக் என்றது. "ஐம்பத்தி ரெண்டுதான்," என்றான்.

"அதைத்தானே சொன்னேன்?"

"உன் பேச்சை இனிமே எவன் நம்புவான்?" என்று ஆறிப்போன பான்கேக்கைத் தின்றான். அடுத்த நாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், அதற்கடுத்த நாளும் போனான். அப்புறம் ஒருநாள், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

லியோனா மாவு கலக்குவதை நிறுத்தினாள்.

"கலங்கலும் கூட," என்றாள். "மறந்துட்டேன் சொல்ல. ஒரு கோழிக்கூடு போச்சு."

அவன் திட்டிக்கொண்டே தடியைத் தேடினான். அவள் இரண்டு கோப்பையில் காபி ஊற்றி எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஆற்றுக்கு இறங்கினாள்.